இரண்டாயிரம் மண்டையோடுகளின் சாட்சியம்



இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகத்தார் கேட்டபோது, அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு மனிதனின் எலும்பைப் பற்றி எழுத எண்ணினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆ பயான் ஒன்றில், மனித உடலில் 360 எலும்புகள் இருக்கின்றன என்று கூறினேன். தொழுகை முடிந்தபின், மருத்துவம் பயிலும் நம் ஜமாஅத்து இளைஞர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். “ஹஜ்ரத், தவறாக எண்ணாதீர்கள், வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206தான்” என்றார். வீட்டிற்குச் சென்று கிதாபைத் திறந்து பார்த்தேன். ஸஹீஹ் முஸ்லிமில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியில் 360 என்ற எண் இருக்கிறது. ஆனால், அங்கே வந்துள்ள சொல் ‘மஃப்ஸில்’. அதன் பொருள் மூட்டு, எலும்பு அன்று. எவரோ சொல்லக் கேட்டதை, மூலத்தைத் திறந்து பாராமலேயே பதினைந்து ஆண்டுகளாக மிம்பரில் நின்று சொல்லி வந்திருக்கிறேன். அந்த இளைஞருக்கு இன்றும் நன்றிக் கடன்பட்டிருக்கிறேன்.

என் பிழை பதினைந்து ஆண்டுகளில் முடிந்தது. மருத்துவ உலகில் இதே வகையான பிழை ஒன்று ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது. அது நம் முகத்திலேயே உள்ள எலும்பைப் பற்றியது. எவரும் தம் விரலால் தடவிப் பார்க்கக்கூடிய கீழ்த்தாடை எலும்பைப் பற்றியது.

அரபு நூல்களில் ஜாலீனூஸ் என்று அழைக்கப்படும் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அக்கால ரோமாபுரியில் இல்லை. ஆகவே அவர் குரங்கு, பன்றி, ஆடு போன்ற விலங்குகளை அறுத்து உடற்கூற்றைக் கற்றார். கற்றதைப் பல நூல்களாக எழுதினார். மனித எலும்புகளை அவர் பார்க்கவே இல்லை என்று கூற முடியாது. வெள்ளத்தில் அரித்துச் செல்லப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து வெளிப்பட்ட எலும்புக்கூட்டைக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். எலும்புகளை நேரில் பார்த்துப் பயில விரும்புவோர் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் செல்லட்டும் என்று மாணவர்களுக்கு அறிவுரை கூறியவரும் அவரே. இருந்தும், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது, அவை முகவாயின் நடுவில் இறுகப் பொருந்தியுள்ளன, வேகவைத்தால் அப்பொருத்து விட்டுப்போகும் என்று எழுதிவைத்தார்.

இதை அவர் வெறும் கற்பனையில் எழுதவில்லை. குர்பானி நாட்களில் ஆட்டுத் தலையை வேகவைத்து உண்டவர்கள் கண்டிருப்பார்கள்: ஆட்டின் கீழ்த்தாடை முன்பற்களின் நடுவே இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். ஆடுமாடுகளுக்கு அவ்விடத்தில் எலும்போடு எலும்பு முழுமையாக ஒட்டுவதில்லை. நாரும் குருத்தெலும்பும்தான் இரு பாதிகளையும் பிடித்து வைத்திருக்கின்றன. புல்லை அரைத்து அசைபோடும் பிராணிக்கு அந்தச் சிறு அசைவு உதவுகிறது. மனிதத் தாடையின் அமைப்பு வேறு. வலப்புறம் கடிக்கும்போது இடப்புறத் தசையின் வலிமையும் முகவாய் வழியாக வந்து சேரும்படி, குதிரை லாடத்தைப் போல வளைந்த ஒரே எலும்பாக அது அமைந்திருக்கிறது. மண்டையோட்டின் மற்ற எலும்புகள் தையலிட்டதுபோல் ஒன்றோடொன்று கோத்து நிற்க, இது மட்டும் இரு காதுகளுக்கு முன்னே கீல்போல் மாட்டப்பட்டு அசைகிறது. நாம் உண்பதும் ஓதுவதும் அதன் அசைவினால்தான்.

ஜாலீனூஸின் நூல்களைப் பக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மறைவு கி.பி. 873) அவருடைய மாணவர்களும் அரபியில் பெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பு மிகச் செம்மையாக இருந்தது. அதனால் பிழையும் செம்மையாகவே வந்து சேர்ந்தது. இப்னு ஸீனா (மறைவு கி.பி. 1037) தம் ‘கானூன்’ நூலில் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்றே எழுதினார். அந்நூல் எத்தனை மதரஸாக்களில், எத்தனை மருத்துவமனைகளில் பாடமாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஒரு வரி எத்தனை நாவுகளில் ஏறியிருக்கும் என்பதும் விளங்கும்.

இப்போது நம் கதாநாயகருக்கு வருவோம். முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (ரஹ்) ஹிஜ்ரி 557இல் (கி.பி. 1162) பக்தாதில் பிறந்தார். குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹு, அரபு இலக்கணம் என்று நம் மதரஸா மாணவர்கள் செல்லும் பாதையிலேயே அவருடைய கல்வியும் சென்றது. இளமையில் அவர் மனப்பாடம் செய்த நூல்களின் பட்டியலைப் படித்தாலே மூச்சு வாங்கும். பின்னர் மோசுல், திமிஷ்க் என்று அறிஞர்களைத் தேடி அலைந்தார். ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களைச் சந்தித்து உதவித்தொகையும் பெற்றார். கெய்ரோ சென்று மூஸா இப்னு மைமூன் என்ற புகழ்பெற்ற யூத மருத்துவரைக் கண்டு உரையாடினார். ஸுல்தானின் மறைவுக்குப்பின் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் பாடம் நடத்தினார். காலையில் பள்ளியில் பாடம். நண்பகலில் மருத்துவ மாணவர்கள் வருவார்கள். பிறகு மீண்டும் பள்ளிப் பாடம். இதை அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு கல்வியையும் கற்பித்த காலம் அது.

ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1200) நைல் நதி பொய்த்தது. எகிப்தின் வேளாண்மை முழுவதும் அந்நதியின் ஆண்டு வெள்ளத்தையே நம்பியிருந்தது. நதியின் அளவுகோலில் 16 முழம் ஏறினால் விளைச்சலுக்குக் கவலையில்லை. அவ்வாண்டு 12 முழமும் 21 விரற்கடையும் மட்டுமே ஏறியது. மறு ஆண்டும் வெள்ளம் போதவில்லை. அடுத்து வந்த பஞ்சத்தை அப்துல் லத்தீஃப் தம் ‘கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்’ என்ற எகிப்து வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். மனிதர்கள் என்னென்ன தின்றார்கள் என்று அவர் சொல்வதை இங்கே நான் எழுதப்போவதில்லை. குடும்பத்தோடு படிக்கும் மலர் இது. கெய்ரோவில் 22 மாதங்களில் பதிவேட்டில் ஏறிய இறப்புகள் ஏறத்தாழ 1,11,000 என்று குறித்துவிட்டு, பதிவாகாமல் மாண்டவர்களோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை என்கிறார்.

‘எலும்பும் தோலுமாய்ப் போனான்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லில் உடற்கூறு முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் தோல் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே கண்ணுக்குத் தெரிவது மேற்தோல். அதன் வெளிப்புறம் இறந்த செல்களாலானது, உதிர்ந்து உதிர்ந்து ஏறத்தாழ மாதத்திற்கொரு முறை புதிதாகிறது. அதன் கீழே இரத்த நாளங்களும், வியர்வைச் சுரப்பிகளும், சூடு, குளிர், வலி ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகளும் நிறைந்த உட்தோல். அதற்கும் அடியில் கொழுப்புப் படலம். வளர்ந்த ஒருவரின் தோலைப் பிரித்து விரித்தால், ஒருவர் நின்று தொழும் முஸல்லாவைவிடப் பெரிதாக, ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். ஆழமாகத் தீப்பட்ட இடத்தில் நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால், அவ்விடத்தில் வலியே தெரியாது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். வேதனையை உணர்வதற்குத் தோல் வேண்டும் என்பதைத் திருக்குர்ஆன் ஓதுபவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. பட்டினி நீடித்தால் உடல் முதலில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பை எரிக்கிறது. பின்னர் தசையைக் கரைக்கிறது. எஞ்சுவது எலும்பின்மேல் போர்த்திய தோல். மரணத்திற்குப்பின் அந்தத் தோலும் அழிகிறது.

தோலும் எலும்பும் தனித்தனி உறுப்புகள் என்று எண்ணிவிடவும் கூடாது. வெயில் பட்ட தோலில் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிட்டால், உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. குழந்தையின் எலும்பு வளைந்துபோகும். எலும்பும் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளன்று. கடினத்தைத் தரும் கால்சியம் பாஸ்பேட்டும், நெகிழ்வைத் தரும் கொலாஜன் என்ற நாரும் சேர்ந்தது அது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் உப்பு கரைந்து, நார் மட்டும் மிஞ்சி, கயிறுபோல் வளையும். நெருப்பிலிட்டால் நார் எரிந்து, உப்பு மட்டும் மிஞ்சி, தொட்டால் நொறுங்கும். உயிருள்ளவரின் எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறத்தாழ பத்தாண்டுகளில் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. உள்ளே மஜ்ஜையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன.

மீண்டும் கெய்ரோவுக்கு. அப்துல் லத்தீஃபிடம் மருத்துவம் பயின்றவர்கள் ஜாலீனூஸின் உடற்கூற்று நூலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பவர்களுக்கும் விளங்கவில்லை; விளக்குபவருக்கும் விளக்க வரவில்லை. சொல்லுக்கும் கண்ணால் காணும் பொருளுக்கும் இடையே இருக்கும் தூரம்தான் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. கற்பித்துப் பழகிய எவருக்கும் அந்நிலை புரியும். அப்போது, நகருக்கு வெளியே அல்மக்ஸ் என்ற இடத்தில் மனித எலும்புகள் மலைபோல் குவிந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. மாணவர்களோடு அங்கே சென்றார். கண்ணுக்குத் தெரிந்தவை மட்டுமே 20,000 உடல்களுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். சில அண்மையில் இறந்தவர்களுடையவை. சில தசை முற்றிலும் நீங்கிய வெறும் எலும்புகள்.

இங்கே ஓர் ஆலிமாக நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழவைப்பதும், அடக்குவதும் சமுதாயத்தின் மீது ஃபர்ளு கிஃபாயா. இறந்தவரின் எலும்பையும் உயிருள்ளவரின் எலும்பைப் போலவே மதிக்கப் பணிக்கப்பட்டவர்கள் நாம். அந்த இருபதாயிரம் பேருக்கும் கஃபன் கிடைக்கவில்லை. ஜனாஸா தொழுகை நடந்திருக்குமா என்பதும் ஐயமே. அடக்குவதற்கு இருந்தவர்களும் பட்டினியில் விழுந்துகொண்டிருந்த காலம். அப்துல் லத்தீஃப் எந்த உடலையும் கத்தியால் கீறியதாக எழுதவில்லை. கிடந்ததை எடுத்துப் பார்த்தார். அதில் கண்டதை மறைக்காமல் எழுதினார். என் அறிவுக்கு எட்டியவரை அதில் குறைகூற எனக்கு ஒன்றுமில்லை.

அவர் கண்டது இது: கீழ்த்தாடை ஒரே எலும்பு. முகவாயில் பொருத்தும் இல்லை, தையலும் இல்லை. ஒன்றைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடவில்லை அவர். பல நாட்கள், பல உடல்கள் என்று 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளில் சோதித்தார். தம் கண் தம்மை ஏமாற்றக்கூடும் என்று அஞ்சி, பிறரையும் பார்க்கச் சொன்னார். தாம் உடனிருக்கும்போதும் பார்க்கச் சொன்னார், இல்லாதபோதும் பார்க்கச் சொன்னார். எவரும் ஒன்றுக்கு மேல் காணவில்லை. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி எத்தனை வழிகளில் வருகிறது, அறிவிப்பாளர்கள் தமக்குள் கலந்து பேசியிருக்க வாய்ப்புண்டா என்றெல்லாம் ஆராயக் கற்ற ஒருவரின் பழக்கம் இதில் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்து மட்டுமே.

அதோடு நிற்கவில்லை. பூஸீர் என்னும் ஊரின் பழங்காலக் கல்லறைகளிலும் தேடினார். நெடுங்காலம் மண்ணில் கிடந்தால் மறைந்திருக்கும் பொருத்துகளும் விட்டுப்போகுமே என்பது அவர் எண்ணம். அங்கே மற்ற எலும்புகளின் பொருத்துகள் விட்டிருந்தன. தாடை அப்போதும் ஒன்றாகவே இருந்தது. கீழ்த்தாடை இரண்டு என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, ‘எல்லோரும்’ என்று தாம் சொல்வது ஜாலீனூஸ் ஒருவரைத்தான் என்று அவர் விளக்கம் தருகிறார். மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்து எழுதினார்கள் என்பது அதன் பொருள். ஜாலீனூஸ் எவ்வளவு நுணுக்கமானவராயினும், புலன்கள் தரும் சான்று அவரைவிட நம்பத் தகுந்தது என்பதே அவர் எடுத்த முடிவு. அப்படிச் சொல்லும்போதும் ஜாலீனூஸின் சிறப்பை அவர் குறைத்துப் பேசவில்லை.

அந்நூலில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பும், அதன் நுனியில் உள்ள வாலெலும்பும் (நம்மவர்களுக்கு ‘அஜ்புத் தனப்’ என்ற பெயரில் அறிமுகமானது) சேர்ந்து ஆறு எலும்புகள் என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். அப்துல் லத்தீஃப் முதலில் பார்த்த உடலில் அது ஒரே எலும்பாக இருந்தது. தாடையில் வென்றவர் இதிலும் வென்றதாக அறிவித்திருக்கலாம். அவர் வேறு உடல்களைப் பார்த்தார். அவற்றில் ஜாலீனூஸ் சொன்னதுபோல ஆறாக இருக்கக் கண்டார். அதையும் அப்படியே எழுதிவைத்தார். தாடையைப் பற்றி எனக்குள்ள உறுதி இதில் இல்லை என்றும் குறிப்பிட்டார்.

அவர் தயங்கியது சரியே என்பதை இன்றைய மருத்துவம் காட்டுகிறது. திருவெலும்பு பிறக்கும்போது ஐந்து தனித்தனி முள்ளெலும்புகளாக இருக்கிறது. பருவ வயதில் ஒட்டத் தொடங்கி, இருபத்தைந்து வயதை ஒட்டி ஒன்றாகிறது. வாலெலும்பும் சிலருக்கு அதனோடு ஒட்டிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 270 முதல் 300 வரை இருக்கும் எலும்புகள், வளர்ந்தபின் 206 ஆவதும் இவ்வாறு ஒட்டிக்கொள்வதனால்தான். பஞ்சம் வயது பார்த்துக் கொல்லவில்லை; ஆகவே ஒட்டியதும் ஒட்டாததும் அக்குவியலில் இருந்தன.

தாடையைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும்; இல்லையேல் அப்துல் லத்தீஃபையே புதிய ஜாலீனூஸாக ஆக்கிவிடுவோம். தாயின் வயிற்றில் கீழ்த்தாடை இரண்டு பாதிகளாகவே உருவாகிறது. பிறந்தபோதும் நடுவில் பொருத்து இருக்கிறது. குழந்தையின் முதல் ஆண்டுக்குள் அது எலும்பாகி மூடிவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் தாடையைக் கையிலெடுத்திருந்தால் அவர் இரண்டையும் கண்டிருப்பார். கண்டதை எழுதியும் இருப்பார் என்றே நம்புகிறேன்.

இத்தகைய ஒரு கண்டுபிடிப்பு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வருந்தத்தக்க விடை. அவர் அதை எழுதியது எகிப்தின் வரலாறு சொல்லும் நூலில். மருத்துவ மாணவர்கள் ‘கானூன்’ ஓதினார்கள்; வரலாற்று நூலில் தாடை எலும்பைத் தேடுபவர் யார்? இப்னுன் நஃபீஸ் (மறைவு கி.பி. 1288) இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை விளக்கிய செய்தியும் இவ்வாறே கிடந்து, 1924இல்தான் பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் பிரதியொன்றிலிருந்து வெளிவந்தது. நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று மேடைகளில் முழங்குகிறோம். கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறை ஏன் எடுத்துச் செல்லவில்லை என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. எனக்கு இக்கேள்விதான் உறக்கத்தைக் கெடுக்கிறது.

ஐரோப்பாவில் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் 1543இல் வெளியிட்ட பெருநூலில், கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று படத்துடன் அறிவித்தார். அப்துல் லத்தீஃபின் நூல் அவரை எட்டியிருக்கவில்லை. மனித உடலை அறுத்துப் பார்த்துத் தாமே கண்டார். அவரையும் எளிதில் விட்டுவிடவில்லை. பாரிஸில் அவருக்கு ஆசிரியராக இருந்த சில்வியஸ், ஜாலீனூஸ் பிழை செய்யவில்லை, அவர் காலத்திற்குப்பின் மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதிட்டார். நூலைக் காப்பாற்றுவதற்காக மனிதனையே மாற்றத் துணிந்த அந்த ஆசிரியரை எண்ணிச் சிரித்தேன். பின்னர், 360 எலும்புகள் நினைவுக்கு வந்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அப்துல் லத்தீஃபின் நூல், அவருடைய கையெழுத்தே என்று கருதப்படும் பிரதியாக, பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்டு போகாக் என்ற ஆங்கிலேய அரபு அறிஞர் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு சென்று சேர்ந்தது. 1800இல் அங்கே இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. 1810இல் சில்வெஸ்டர் டி சாசி பிரெஞ்சில் வெளியிட்டார். அப்போதுதான் உலகம் அந்தத் தாடையைப் பற்றி அறிந்தது. அவர் பார்த்து எழுதி 600 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் எகிப்தை விட்டுத் திமிஷ்க், ஹலப் என்று பல ஊர்களில் வாழ்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் பிறந்த ஊராகிய பக்தாதிற்கு வந்தார். அங்கே நோயுற்று ஹிஜ்ரி 629 முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1231) மறைந்தார். தம் தந்தையின் கப்ருக்கு அருகில் அடக்கப்பட்டார். அல்மக்ஸ் அன்று நைல் நதியின் கரையில் இருந்த துறைமுகம். நதி மேற்கே விலகிப் போய்விட்டது. கெய்ரோவின் பெரிய ரயில் நிலையம் நிற்கும் ராம்ஸேஸ் சதுக்கம் இப்போது அப்பகுதியில்தான் இருக்கிறது.